சேலம் வெயிலில் செல்போன் பேட்டரி: வகை தெரிந்து ஆயுளைக் கூட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

போன மே மாதம் ஒரே நாளில், பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்த இரண்டு போன்கள் என் மேசைக்கு வந்தன. பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் செல்போன் சர்வீஸ் மேசை போட்டிருக்கிறேன். கொண்டுவந்தவர்கள் அண்ணன் தம்பி. இரண்டரை வருடத்துக்கு முன்னால் ஒரு தீபாவளிக்கு ஒன்றாகப் போய் ஒரே கடையில் ஒரே மாடலை வாங்கியவர்கள். அண்ணன் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் ரைட்டர். தம்பி சேலத்தில் ஸ்கூட்டரில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்.

அண்ணன் போனில் சார்ஜிங் பின் லூஸ், அவ்வளவுதான். தம்பி தன் போனை மேசையில் மல்லாக்க வைத்ததும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. பின்மூடி நடுவில் மேடாகியிருந்தது. மூடிக்கும் சட்டத்துக்கும் இடையில் விரல்நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. “சார்ஜே நிக்க மாட்டேங்குதுங்கண்ணா. மத்தியானத்துக்கே ஆஃப் ஆயிடுது. எங்க அண்ணன் போனு மட்டும் எப்படிங்க நல்லா இருக்குது?” என்று கேட்டார்.

இரண்டையும் பார்த்தேன். 5000 மில்லி ஆம்பியர் மணி (பேட்டரி எவ்வளவு பிடிக்கும் என்பதன் அளவு, சுருக்கமாக மில்லி ஆம்பியர் என்போம்) பேட்டரி அண்ணன் போனில் இன்னும் 4500-ஐ ஒட்டிப் பிடித்தது. தம்பியுடையது 3600-க்குக் கீழே போயிருந்தது. தம்பிக்கு ஓட்டமும் அதிகம், ஒரு நாளைக்கு இரண்டு முறை சார்ஜ் போடுகிறார், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனாலும் இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு வெயிலுக்குத்தான் என்பேன். வருடக்கணக்கில் வீங்கின பேட்டரிகளைக் கழற்றிப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது: சேலத்தில் பேட்டரியைக் கெடுப்பது சார்ஜர் கம்பெனியோ, ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடுவதோ மட்டும் இல்லை. சூடு. அதிலும் முழுச் சார்ஜில் இருக்கும்போது படுகிற சூடு. கீழே வரும் படிகளில் மூன்றாவது நீளமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

படி 1: உள்ளே இருப்பது என்ன வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இருபது, இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய போன்களில் நிக்கல் பேட்டரிகள் இருந்தன. 2000-இல் வந்த நோக்கியா 3310 நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியோடுதான் வந்தது. நிக்கல் காட்மியம் வகைக்கு ‘மெமரி’ என்று ஒரு குணம் உண்டு. பாதியில் நிறுத்தி நிறுத்திச் சார்ஜ் போட்டால் அந்தப் பாதியையே அது முழு அளவாக எடுத்துக்கொள்ளும். “புது போனை எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டுட்டுத்தான் ஆன் பண்ணணும்”, “முழுசா இறங்கின பிறகுதான் போடணும்” என்று இன்றைக்கும் பெரியவர்கள் சொல்வது அந்தக் காலத்துப் பழக்கம். அன்றைக்கு அது சரி. இன்றைய போனில் முழுசாக இறக்குவது கெடுதல்.

இப்போது எல்லாமே லித்தியம் அயான். சோனி நிறுவனம் 1991-இல் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடிப்படை போட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97.

வேலை செய்கிற விதத்தைச் சேலம் – ஏற்காடு பஸ்ஸை வைத்தே சொல்லிவிடலாம். பேட்டரிக்குள் இரண்டு ஊர்கள். ஒன்று கோபால்ட் ஆக்சைடு மாதிரியான உலோக ஆக்சைடு, அதைச் சேலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று பென்சில் முனையில் இருக்கிற அதே கிராஃபைட், அது ஏற்காடு. லித்தியம் அயான்கள், அதாவது மின்னூட்டம் ஏறிய லித்தியம் அணுக்கள்தான் பயணிகள். சார்ஜ் போடுவது என்றால் பயணிகளை இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏற்றி மலைக்கு அனுப்புவது, அதற்கு வெளியிலிருந்து சக்தி வேண்டும். போனைப் பயன்படுத்தும்போது அவர்கள் தாங்களாகவே இறங்கி வருகிறார்கள், அந்த இறக்கத்தில் கிடைக்கும் சக்தியில் போன் ஓடுகிறது. ஒவ்வொரு நடையிலும் நாலைந்து பேர் மலையிலேயே தங்கிவிடுவார்கள். கிராஃபைட்டின் மேல் படிகிற ஒரு மெல்லிய ஏட்டில் சிக்கி, திரும்பி வரவே மாட்டார்கள். பேட்டரி ‘வயசாகிறது’ என்பது பெரும்பாலும் இதுதான். சூடு கூடக்கூட அந்த ஏடு தடிக்கும், சிக்குபவர்களும் கூடுவார்கள்.

லித்தியம் பாலிமர் என்று பெட்டியில் போட்டிருந்தால் வேறு ஏதோ உயர்ந்த வகை என்று நினைக்க வேண்டாம். ரசாயனம் ஏறக்குறைய ஒன்றுதான், உறைதான் வேறு. பழைய நோக்கியா போன்களின் பிஎல்-5சி பேட்டரி மாதிரி கெட்டி அலுமினியப் பெட்டிக்குப் பதிலாக மெல்லிய பை. மெலிசாகச் செய்யலாம், போனுக்குள் எந்த வடிவத்திலும் அடக்கலாம். உள்ளே வாயு உண்டானால் பை உப்பிக் காட்டிக்கொடுத்துவிடும்.

புதிதாக வந்திருப்பது சிலிக்கான் கார்பன். 2023 முதல் போன்களில் வருகிறது. அதே எடை கிராஃபைட்டைவிடச் சிலிக்கான் கிட்டத்தட்ட பத்து மடங்கு லித்தியத்தைப் பிடித்து வைக்கும், ஆனால் நிரம்பும்போது மூன்று மடங்குக்கு மேல் ஊதும். அதனால் கொஞ்சமே கொஞ்சம் சிலிக்கானைக் கார்பனோடு கலக்கிறார்கள். போனைத் தடியாக்காமலேயே 6000, 7000 மில்லி ஆம்பியர் வருவது இதனால்தான். பராமரிப்பு விதிகள் இதற்கும் அதேதான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று கேள்விப்படுவது மின்சார ஸ்கூட்டருக்கும் வீட்டு இன்வெர்ட்டருக்கும், போனுக்கு இல்லை.

பேட்டரி லேபிளில் மில்லி ஆம்பியர் மணியோடு வாட் மணி என்றும் ஒரு எண் இருக்கும். 5000 மில்லி ஆம்பியர், 3.85 வோல்ட் என்றால் ஏறத்தாழ 19 வாட் மணி. இரண்டு போன்களை ஒப்பிடும்போது இந்த எண்ணைப் பாருங்கள். சில வேகச் சார்ஜ் போன்களில் இரண்டு செல்களை, அதாவது இரண்டு தனித்தனிப் பேட்டரிகளை, தொடராக வைத்திருப்பார்கள், அங்கே மில்லி ஆம்பியர் மட்டும் பார்த்தால் கணக்குக் குழம்பும்.

படி 2: இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள்

ஐபோனில் செட்டிங்ஸுக்குள் பேட்டரி பகுதியில் ‘பேட்டரி ஹெல்த்’, அதாவது புதிதில் பிடித்ததில் இன்னும் எவ்வளவு பிடிக்கிறது என்பது, சதவீதமாகவே இருக்கும். ஐபோன் 15-லிருந்து எத்தனை சுற்று ஓடியிருக்கிறது என்பதையும் காட்டுகிறது. சாம்சங் போனில் ‘சாம்சங் மெம்பர்ஸ்’ ஆப்பில் பரிசோதனைப் பகுதி உண்டு. புதிய ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றில் செட்டிங்ஸிலேயே வந்துவிட்டது. இல்லாதவர்கள் ‘ஆக்குபேட்டரி’ மாதிரி ஓர் ஆப்பைப் போட்டு, 20 சதவீதத்திலிருந்து 80, 90 வரை நான்கைந்து முறை சார்ஜ் செய்தால் ஒரு மதிப்பீடு கிடைக்கும். முதல் நாளே அது காட்டும் எண்ணை நம்பிப் பதறாதீர்கள்.

ஒரு ‘சுற்று’ என்பது ஒரு முறை பிளக்கில் சொருகுவது என்று பலர் நினைக்கிறார்கள். மொத்தமாக 100 சதவீதம் செலவழித்தால்தான் ஒரு சுற்று. இன்றைக்கு 50, நாளைக்கு 50 என்றால் இரண்டு நாளும் சேர்ந்து ஒன்று. ஐபோன் 14 வரைக்கும் 500 சுற்றுக்குப் பிறகு 80 சதவீதம் மிஞ்சும் என்பது ஆப்பிளின் கணக்கு, 15 முதல் அதை 1000 சுற்று என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் அங்கே விற்கும் போன்களுக்குக் குறைந்தது 800 சுற்று தாங்க வேண்டும் என்று விதி போட்டுவிட்டது.

இந்த ஹெல்த் 80-க்குக் கீழே இறங்கியிருந்தால், அல்லது சார்ஜ் 30 சதவீதம் காட்டும்போதே திடீரென்று அணைந்துவிட்டால், கடைசிப் படிக்கு நேராகப் போய்விடலாம். மற்றவர்கள் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 3: சூட்டிலிருந்து காப்பாற்றுங்கள்

ரசாயன வினைகள் 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும் என்று பள்ளியில் படித்திருப்போம். பேட்டரிக்குள் நடக்கிற வேண்டாத வினைகளுக்கும் அது பொருந்தும். பேட்டரித் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு கணக்கு இருக்கிறது. லித்தியம் அயான் பேட்டரியை 40 சதவீதச் சார்ஜில், 25 டிகிரியில் ஒரு வருடம் சும்மா வைத்திருந்தால் கொள்ளளவில் 4 சதவீதம்தான் போகும். அதையே 100 சதவீதம் நிரப்பி வைத்தால் 20 போகும். 40 டிகிரியில் முழுசாக நிரப்பி வைத்தால் 35. ஒன்றுமே செய்யாமல் வைத்திருந்ததற்கே இந்தச் சேதம் என்பதைக் கவனியுங்கள்.

ஆப்பிள் தன் சாதனங்களுக்கு 16 முதல் 22 டிகிரியை மிகவும் உகந்த வெப்பம் என்கிறது. 35-ஐத் தாண்டினால் பேட்டரிக்கு நிரந்தரச் சேதம் வரலாம் என்றும் எச்சரிக்கிறது. ஏற்காட்டில் கோடையில்கூட 30-ஐ ஒட்டித்தான் நிற்கும். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் நிழலிலேயே 40-ஐத் தொடும். மலையில் இருக்கும் அண்ணனின் பேட்டரி எதுவும் செய்யாமலேயே பிழைத்துக்கொண்டது. கீழே இருக்கிற நாம் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

எந்தெந்த இடத்தில் போன் வேகிறது என்று என்னிடம் வருகிறவர்களிடம் விசாரிப்பது வழக்கம். முதல் இடம் வண்டியின் ஹேண்டில்பார். தம்பியின் போன் போனது அங்கேதான். மேலே நேர் வெயில், திரை முழு வெளிச்சத்தில், மேப் ஓடுகிறது, டேட்டா ஓடுகிறது, போதாததற்கு வண்டியிலிருந்து சார்ஜும் ஏறுகிறது. ஐந்து ரோட்டிலிருந்து கொண்டலாம்பட்டி போய்ச் சேர்வதற்குள் பின்மூடியில் கை வைக்க முடியாது. ஹோல்டர் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அது அவர் பிழைப்பு. மூன்று காரியம் செய்யச் சொன்னேன். ஒன்று, ஹோல்டருக்கு மேலே சின்னத் தொப்பி மாதிரி நிழல் மறைப்பு. இரண்டு, உச்சிவெயிலில் வண்டி ஓடும்போது சார்ஜ் போடாமல், காலையிலும் சாப்பாட்டு நேரத்திலும் நிழலில் வைத்துப் போடுவது. மூன்று, திரையைப் பார்த்துக்கொண்டே போகாமல், காதில் ஒலிக்கும் வழிகாட்டலை வைத்துக்கொண்டு போனைச் சட்டைப் பைக்கு மாற்றுவது. தெரிந்த தெருவுக்கு மேப்பே வேண்டாம் என்பது நான்காவது, அதை அவரே சொன்னார்.

அடுத்தது மூடிய கார். வெளியே 40 என்றால் கண்ணாடி ஏற்றிய காருக்குள் 60-ஐத் தாண்டும். டாஷ்போர்டில் வைத்துவிட்டுச் சாமி கும்பிடப் போய் வரும் அரை மணி நேரம் போதும். ஸ்கூட்டர் டிக்கியும் அப்படித்தான், கீழே எஞ்சின் சூடு, மேலே சீட்டில் வெயில்.

மூன்றாவது, தொழில் செய்யும் இடம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள் பற்றவைக்கும் அடுப்புக்கு எட்டிய தூரத்திலேயே சார்ஜ் போட்டு வைத்திருப்பார்கள். பிளக் பாயிண்ட் அங்கேதான் இருக்கும். இளம்பிள்ளை விசைத்தறிக் கொட்டகைகளில் தகரக் கூரைக்கு அடியில் ஒரு கட்டையின் மேல் போன் பாடிக்கொண்டே இருக்கும். இரண்டு முழ எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, சார்ஜ் போடும் இடத்தை வாசல் பக்கம், காற்று வரும் பக்கம் மாற்றினாலே பெரிய உபகாரம்.

வீட்டிலும் பாருங்கள். மாடி அறையில் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் ராத்திரி பத்து மணிக்கும் அனல் விடும். அந்த அறையில், மெத்தையின் மேல், தலையணைக்கு அடியில் சார்ஜ் போட்டால் சூடு வெளியே போக வழியே இல்லை. டைல்ஸ் தரையிலோ மர மேசையிலோ, முடிந்தால் உறையைக் கழற்றிவிட்டு, ஃபேன் காற்று படுகிற மாதிரி வையுங்கள். வயர்லெஸ் சார்ஜரில் ஒரு பகுதி மின்சாரம் சூடாகவே வீணாகும், கோடை மாதங்களில் அதை ஒதுக்கி வைப்பது நல்லது. சார்ஜ் போட்டுக்கொண்டே கேம் ஆடும் பிள்ளைகளிடம் இதைப் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள், அதில் இரண்டு பக்கச் சூடும் சேர்கிறது.

போன் கொதித்துவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். திடீர்க் குளிரில் உள்ளே ஈரம் வேர்க்கும், போர்டு போய்விடும். உறையைக் கழற்றி, அணைத்து, நிழலில் ஃபேனுக்கு அடியில் கால் மணி நேரம் வைத்தால் போதும். 45 டிகிரியை நெருங்கினால் பெரும்பாலான போன்கள் தாங்களாகவே சார்ஜைக் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். “சார்ஜ் ஏறவே மாட்டேங்குது” என்று மே மாதம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் பழுது எதுவும் பார்ப்பதில்லை, போனை ஆறவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறேன்.

படி 4: எதுவரை ஏற்றுவது, எதுவரை இறக்குவது

பஸ் கணக்குக்கு மறுபடி வருவோம். 80 சதவீதம் என்பது எல்லா சீட்டும் நிரம்பின பஸ். 100 என்பது படிக்கட்டிலும் தொங்கிக்கொண்டு போகிற பஸ். ஒரு நாள் ஓடும். தினமும் அப்படி, அதுவும் ராத்திரி முழுக்க அப்படியே நிறுத்தி வைத்தால் வண்டி தாங்காது. முழுசாக நிரம்பிய செல்லில் மின்னழுத்தம் 4.2 வோல்ட், இப்போதைய போன்களில் 4.4-ஐயும் தாண்டும். அந்த உயரத்தில் நீண்ட நேரம் நிற்பதுதான் பேட்டரிக்கு அழுத்தம். ராத்திரி முழுக்கப் போட்டால் ‘ஓவர் சார்ஜ்’ ஆகி வெடிக்காது, அதைத் தடுக்கும் மின்சுற்று உள்ளேயே இருக்கிறது. நிரம்பியபடி வெதுவெதுப்பாக ஆறு மணி நேரம் கிடப்பதுதான் கேடு.

ஆகவே செய்ய வேண்டியது எளிது. செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சாம்சங்கில் ‘பேட்டரி புரொடெக்‌ஷன்’, ஐபோன் 15 முதல் ‘சார்ஜ் லிமிட்’, மற்ற கம்பெனிகளில் இதை ஒட்டிய பெயர்கள். அதைப் போட்டுவிட்டால் ராத்திரி நிம்மதியாக விட்டுவிடலாம். அந்த வசதி இல்லாத போனில் ‘அடாப்டிவ்’ அல்லது ‘ஆப்டிமைஸ்டு சார்ஜிங்’ இருக்கும். நீங்கள் எழும் நேரத்தைக் கற்றுக்கொண்டு 80-இல் நிறுத்தி வைத்து, விடியும் நேரத்தில் மீதியை ஏற்றும். இரண்டுமே இல்லையென்றால் ராத்திரி போடுவதை விட்டுவிட்டுக் காலையில் குளித்துச் சாப்பிடும் நேரத்தில் போடுங்கள்.

கீழே 20-க்கு வந்ததும் போட்டுவிடுவது நல்லது. ஒரு நாள் 5-க்கு இறங்கினால் ஒன்றும் ஆகாது. அணைந்துபோன போனை அப்படியே வாரக்கணக்கில் போட்டு வைப்பதுதான் ஆபத்து. மின்னழுத்தம் மிகவும் இறங்கிவிட்டால் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும், பிறகு சார்ஜ் போட்டாலும் ஏறாது, வற்புறுத்தி ஏற்றுவதும் பாதுகாப்பில்லை.

இந்த 80 விஷயத்தில் மனசை ரொம்ப அலட்டிக்கொள்ளவும் வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிற்கும் நாளில், வெளியூர்ப் பயணத்தில், தாராளமாக 100 ஏற்றுங்கள். கிளம்புவதற்குச் சற்று முன்னால் நிரம்புகிற மாதிரி போட்டால் போதும். பேட்டரி நமக்காகத்தான், நாம் பேட்டரிக்காக இல்லை.

படி 5: சார்ஜரும் ஒயரும்

வேகச் சார்ஜ் பேட்டரியைக் கொல்லும் என்பது பாதி உண்மை. காலியாக இருக்கும் பஸ்ஸில் பயணிகள் சட்டென்று ஏறி உட்காருவார்கள், அதுபோல முதல் பாதியில் வேகமாக ஏற்றினால் செல் தாங்கும். நிரம்ப நிரம்பப் போனே வேகத்தைக் குறைத்துவிடும். அந்த வேகத்துக்கென்றே வடிவமைத்த போன், அதனுடன் வந்த சார்ஜர், குளிர்ந்த இடம் என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. வேகம் தேவைப்படாத ராத்திரி நேரத்துக்குப் பழைய 10 வாட் சார்ஜரைப் போடுவது என் வழக்கம், சூடே இருக்காது.

தள்ளுவண்டியில் தொங்கும் பேர் தெரியாத சார்ஜரைத் தவிர்த்துவிடுங்கள். பேட்டரியைவிட முதலில் உங்கள் உயிருக்கு அது ஆபத்து, வீட்டு மின்சாரம் நேராகப் போனுக்கு வராமல் பிரித்து வைக்கும் ஏற்பாடு உள்ளே ஒழுங்காக இருக்காது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். சார்ஜ் ஏறும் வேகம் குறைந்தால் ஒயரை மாற்றிப் பாருங்கள். அப்புறம் போனின் ஓட்டையை டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப் பைப் பஞ்சு அடைத்திருக்கும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாக நெம்பி எடுங்கள், ஊசி வேண்டாம்.

படி 6: பகலில் வீணாகிறதைத் தடுங்கள்

செலவு குறைந்தால் சுற்றும் குறையும், சூடும் குறையும். பெரிய செலவாளி திரைதான். வெயிலில் நின்று பார்க்கும்போது தவிர மற்ற நேரத்தில் வெளிச்சத்தைக் குறையுங்கள். ‘டார்க் மோட்’ ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் திரையில் மட்டும்தான் பயன் தரும், அதுவும் வெளிச்சம் அதிகமாக இருக்கும்போது. எல்சிடி திரையில் கறுப்பானாலும் பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

ஆப்களை நிமிடத்துக்கு ஒரு தரம் மேலே தள்ளி மூடும் பழக்கத்தை விடுங்கள். திரும்பத் திறக்கும்போது முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும், செலவு கூடத்தான் செய்யும். அதற்குப் பதில் பேட்டரி பகுதியில் எந்த ஆப் எவ்வளவு தின்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். நீங்கள் தொடாமலேயே மேலே நிற்கிற ஆப் ஏதாவது இருந்தால் அதற்கு மட்டும் பின்னணி அனுமதியையும் இருப்பிட அனுமதியையும் எடுத்துவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத செலவு சிக்னல். டவர் தூரமானால் போன் கத்திப் பேச வேண்டியிருக்கிறது, அதாவது ஒலிபரப்பும் சக்தியைக் கூட்டிக்கொண்டே போகும். அடிவாரம் தாண்டி ஏற்காட்டுக்கு ஏறும்போது ஒரு வளைவில் சிக்னல் வரும், அடுத்த வளைவில் மலை மறைக்கும். போன் ஒவ்வொரு முறையும் டவரைத் தேடித் தேடி அலையும். ஒரு மணி நேரப் பயணத்தில் சும்மா பையில் கிடந்த போனே 10 சதவீதம் இறங்கியிருக்கிறதே என்று கேட்பார்கள், காரணம் இதுதான். மலை ஏறும்போது ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். மேப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டா இல்லாமலும் வழி காட்டும், ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை. தோட்டத்துக்குள் தங்குகிறவர்கள் 5ஜி வந்து வந்து போனால் 4ஜிக்கு மாற்றி நிலைநிறுத்துங்கள். தங்கும் இடத்தில் வைஃபை இருந்தால் ‘வைஃபை காலிங்’ போடுங்கள், அழைப்பும் தெளிவாக வரும்.

ஏற்காட்டில் சூடு இல்லை, ஆனால் ஈரம் உண்டு. பகோடா பாயிண்டில் பனிமூட்டத்துக்குள் நின்று படம் எடுத்துவிட்டு அறைக்கு வந்து சார்ஜ் போட்டால் ‘ஈரம் இருக்கிறது’ என்று எச்சரிக்கை வரும். ஓட்டையைக் கீழ்நோக்கிப் பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, காற்றோட்டமாக வைத்துவிடுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், தூசும் மாவும் உள்ளே போகும். டிசம்பர்க் குளிருக்கும் கவலை வேண்டாம். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போட்டால்தான் லித்தியம் உலோகமாகப் படிந்து கெடும், ஏற்காட்டுக் குளிர் அவ்வளவு தூரம் போகாது.

பவர் பேங்க் வாங்கும்போது ஒரு கணக்கு: 10000 மில்லி ஆம்பியர் என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கு. 5 வோல்ட்டுக்கு மாற்றி, வழியில் வீணாவதும் போக, 6000-ஐ ஒட்டித்தான் கைக்கு வரும். பெட்டியிலேயே சின்ன எழுத்தில் அந்த எண் இருக்கும்.

படி 7: பயன்படுத்தாத போனை எடுத்து வைப்பது

பீரோவில் வைக்கும் பழைய போனை 50 சதவீதத்தில் அணைத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பார்த்து, இறங்கியிருந்தால் மறுபடி 50. வெயில் அடிக்கும் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம்.

படி 8: மாற்றும் நேரம் வந்துவிட்டால்

உப்பின பேட்டரியை ஒரு நாள்கூடப் பயன்படுத்தாதீர்கள். உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகியிருக்கிறது என்று அர்த்தம். அழுத்தி மூடுவது, ஊசியால் குத்திக் காற்றை எடுப்பது, டேப் சுற்றி ஓட்டுவது எதுவும் கூடாது. குத்தினால் இரண்டு தகடுகளும் தொட்டுக்கொண்டு நொடியில் தீப்பிடிக்கும். சார்ஜ் போடாமல், அணைத்து, எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாமல் தரையில் வைத்து, சீக்கிரம் கடைக்குக் கொண்டுவாருங்கள். புகை வந்துவிட்டால் பிளக்கை நிறுத்தி, எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும், அந்தப் புகை விஷம். சின்னத் தீயானால் தூரத்திலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கலாம். கைமீறினால் 101.

புதுப் பேட்டரி வாங்கும்போது முதல் தேர்வு கம்பெனி சர்வீஸ் சென்டர். மாடல் பழசாகி அங்கே கிடைக்கவில்லை என்றால்தான் வெளியில். லேபிளில் உற்பத்தித் தேதியைப் பாருங்கள். மூன்று வருடம் அலமாரியில் கிடந்த ‘புது’ பேட்டரி பாதி கிழடு. உங்கள் பழைய பேட்டரி 5000 என்றிருக்க, அதே அளவு, அதே தடிமனில் 6500 என்று அச்சடித்திருந்தால் கையிலேயே எடுக்காதீர்கள். ஒரு தறிக்காரர் அப்படி ஒன்றை எங்கேயோ குறைந்த விலைக்குப் போட்டுக்கொண்டு வந்தார். அளந்தால் 3000-கூடத் தேறவில்லை, நான்கே மாதத்தில் வீங்கியும் விட்டது.

கொடுப்பதற்கு முன் போட்டோ, தொடர்பு எண்களைப் பத்திரமாக வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். பேட்டரியை உங்கள் கண்முன்னே மாற்றச் சொல்லுங்கள், கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல ஆள் பழைய பேட்டரியை உலோக நெம்பியால் குத்தி எடுக்க மாட்டார். பசையைக் கரைக்க ஆல்கஹால் சொட்டு விட்டு, பிளாஸ்டிக் அட்டையால் பொறுமையாகப் பிரிப்பார். அதற்கு இருபது நிமிடம் ஆகும், அவசரப்படுத்தாதீர்கள். தண்ணீர் புகாத போனாக இருந்தால் ஓரப் பசையைப் புதிதாக ஒட்டச் சொல்லுங்கள், ஒட்டினாலும் பழைய அளவு தண்ணீர் தாங்கும் என்று நம்பி மழையில் நனைக்க வேண்டாம்.

மாற்றிய பிறகு ஒரே ஒரு முறை 100 வரை ஏற்றி, தானாக அணையும் வரை இறக்கி, மறுபடி 100 ஏற்றுங்கள். இது பேட்டரிக்காக இல்லை, சதவீதம் காட்டும் கணக்கைச் சரிசெய்ய மட்டும். அடுத்த நாளே 80-க்குத் திரும்பிவிடலாம்.

பழைய பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குப்பையில் போடாதீர்கள். குப்பை லாரியில் நசுங்கினால் அங்கே வேலை செய்கிறவர் கையில் தீப்பிடிக்கும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர் பொறுப்பு, கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம். தம்பியின் பேட்டரியைக் கழற்றியதும் அதன் முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில் வைத்தேன். மாதக் கடைசியில் அந்த டப்பாவோடு போய்க் கொடுத்துவிட்டு வருவேன். அவர் புதுப் பேட்டரியோடு போனை வாங்கி, முதல் வேலையாக 80 செட்டிங்ஸைப் போட்டுக் காட்டினார். ஹோல்டருக்கு மேலே வைக்கும் நிழல் தொப்பி எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே வண்டியை எடுத்தார்.